நம்ம மாத்து

இந்த ஊரில் ‘பிடி’ என்றால் விடு என்று அர்த்தம். வந்து ஐந்து வருஷமாகிறது. தலைக்கு இது தெரியும், கைக்குத்தான் இன்னும் தெரியவில்லை. இன்று காலை தூறலில் கிணற்றடியில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கப் போனேன். பக்கத்து வீட்டம்மாள் என் இருமலைக் கேட்டு இரக்கப்பட்டு, “பிடி அம்மா, பிடி, நானு தர்த்தீனி” என்று குடத்தின் கழுத்தில் கை வைத்தாள். விடுங்கள், நான் கொண்டுவருகிறேன் என்கிறாள். நல்ல மனுஷி. அவள் சொன்னது கன்னடம். நம் எழுத்தில் எழுதினால் அதுவும் ‘பிடி’, இதுவும் ‘பிடி’. என் கை திருநெல்வேலிக் கையல்லவா, காதில் விழுந்த மாத்திரத்தில் குடத்தை இறுகப் பற்றிக்கொண்டது. அவள் இழுக்க, நான் இழுக்க, தண்ணீர் பாதி அவள் சேலையில், பாதி என் சேலையில். ஆனி மாசத்திலும் இங்கே காலைத் தண்ணீர் எலும்பைத் தொடும். ரெண்டு பேரும் நடுங்கிக்கொண்டே சிரித்தோம். பிறகு நான் மறுபடியும் இறைத்தேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஓசூர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. வருகிறவரை எனக்கும் தெரியாது. திருநெல்வேலியில் ரயிலேறி, சேலத்தில் இறங்கி, பஸ் பிடித்துக் கிருஷ்ணகிரி, அங்கே இன்னொரு பஸ் மாறி ஓசூர், அங்கிருந்து சானமாவுக் காட்டின் ஓரமாக நாலு மைல் நடை. அதற்கப்புறம் என் பள்ளிக்கூடம். இந்தத் தாலுகாவுக்கு வர எந்த வாத்தியாரும் சம்மதிப்பதில்லையாம். கல்யாணம் ஆகாதவள், அவளுக்கென்ன பிள்ளையா குட்டியா, எங்கே போட்டாலும் போவாள் என்று என்னைப் போட்டார்கள். போனேன். உத்தியோகத்துக்காகப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போன நம் ஊர்க்காரர்கள் பாஷை தெரியாத கஷ்டத்தை எழுதும்போது, நீயாவது நம் மாகாணத்துக்குள்ளேயே இருக்கிறாய், கொடுத்து வைத்தவள் என்று முடிப்பார்கள். அவர்களுக்கு நான் பதில் எழுதுவதை விட்டுவிட்டேன். மாகாணத்தை விட்டு ஓரடி வெளியே வைக்காமலே ஒருத்தி பரதேசம் போய்ச் சேரலாம். அதை நம்ப வைக்க எனக்குத் தெம்பில்லை.

என் பள்ளிக்கூடத்தில் வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள் உண்டு, தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு. ஒரே பிள்ளை தாயிடம் ஒன்றும் தாத்தாவிடம் ஒன்றும் ஆட்டிடம் ஒன்றுமாகப் பேசுவதும் உண்டு. நான் வந்து சேர்ந்த வருஷம்தான் சென்னையிலிருந்து அந்த உத்தரவு வந்திருந்தது. பிள்ளைகளுக்கு அரை நாள் படிப்புப் போதும், மீதி அரை நாள் அப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்று. மத்தியானமானால் என் வகுப்பில் பாதி, மாடு மேய்க்கக் கிளம்பிவிடும். மறு வருஷம் இன்னொரு உத்தரவு வந்தது, அது வேண்டாம், பழையபடி முழு நாள் என்று. மேய்ச்சலுக்குப் பழகின பிள்ளைகளில் சிலது திரும்பி வரவே இல்லை. கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது ஒரு காகிதம், எனக்கு நாலு காலி இடம். அன்றைக்கே எனக்கு உத்தரவுகளின் மேல் இருந்த மரியாதையில் பாதி போய்விட்டது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரே பேச்சுத்துணை நஞ்சப்ப மேஷ்ட்ரு. வாத்தியாரை இங்கே கன்னடக்காரர்கள் மேஷ்ட்ரு என்பார்கள். கன்னட வகுப்பு அவருடையது. ஐம்பதை நெருங்குகிறவர், ஒல்லி, குளிருக்குத் தலையில் எப்போதும் ஒரு மப்ளர். மத்தியானம் வேப்ப மரத்தடியில் அவர் களி உருண்டையும் நான் எலுமிச்சை ஊறுகாய்ச் சோறுமாக உட்கார்ந்தால் ஒரே சண்டைதான். பள்ளிக்கூடம் தில்லியிடம் இருக்க வேண்டுமா, சென்னையிடம் இருக்க வேண்டுமா? பாஷைவாரியாக மாகாணங்களைப் பிரித்ததிலிருந்து பேப்பரில் இதுதான் பேச்சு, எங்கள் மரத்தடியிலும் இதுதான் பேச்சு.

“தில்லிகிட்டத்தான் இருக்கணும் டீச்சரம்மா,” என்பார் அவர். “ஒரு வகுப்புல பத்துப் பசங்க இருந்தா அவங்க தாய் பாஷையில சொல்லிக் குடுக்கணும்னு ஒரு விதி இருக்குதே, அது எங்க கூடி ஆச்சு? தில்லியில ஆச்சு. அந்தப் பத்து இல்லன்னா நான் என்னிக்கோ மூட்டை கட்டியிருப்பேன்.”

“நல்லாருக்கே கதை!” என்பேன் நான். “பள்ளிக்கூடத்தத் தில்லிகிட்ட குடுத்தா நாளைக்கே ஹிந்தி வாத்தியார் வந்து உங்க நாற்காலியிலயும் உக்காருவான், என் நாற்காலியிலயும் உக்காருவான். எங்க சித்தப்பா ஹிந்தி வேண்டாம்னு ஜெயிலுக்குப் போனவங்க. தெரியாமப் பேசாதீங்க மேஷ்ட்ரே. சென்னைன்னா நம்ம மனுஷன், போயிச் சண்டையாவது போடலாம்.”

“உங்க மனுஷன்,” என்று அவர் மெதுவாகச் சொல்வார். “எனக்கு அங்க யாரு இருக்காங்க?”

எங்கள் ஹெட்மாஸ்டர் ஒரு தெலுங்குக்காரர், பாதித் தூக்கத்தில் இருப்பார். “எவன் வந்தாலும் இந்தக் கூரை ஒழுகுறது ஒழுகிக்கினேதான் இருக்கும், போய் பெல் அடிங்க,” என்று எழுந்துவிடுவார். அவர் சொன்னது மட்டும்தான் அந்த மரத்தடியில் இன்று வரை பலித்திருக்கிறது.

போன வருஷம் இதே ஆனியில் அந்தப் படிவம் வந்தது. தில்லிக்காரர்கள் கேட்க, சென்னைக்காரர்கள் அச்சடிக்க, கிருஷ்ணகிரி ஆபீசு வழியாக எங்களுக்கு வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே ‘தாய்மொழி’ என்று ஒரு கட்டம். ஹெட்மாஸ்டர் பூராவையும் என் தலையில் கட்டினார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம். முதலில் பென்சிலில் எழுதிக்கொள், தாயோ தகப்பனோ வந்து சொன்ன பிறகு மையில் எழுது, இதுதான் இங்கே முறை என்றார். மேஷ்ட்ருவின் இரண்டாம் வகுப்பில் கன்னடப் பிள்ளைகளை எண்ணினேன். சரியாகப் பத்து. பத்தாவது பெயர் ரத்னி. “பத்து இருக்குதில்ல?” என்று அவர் மூன்று தடவை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். மற்ற வகுப்புகளில் அவருக்குப் பத்து தேறாது. அந்த ஒரு வகுப்புதான் அவர் இந்த ஊரில் இருப்பதற்கே ஆதாரம்.

பெற்றோர் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களில் பல பேர் பேச்சு ஒரே மாதிரி இருந்தது. “இனிமே இது தமிழ் ராஜ்யமாமே, தமிழ் படிச்சாத்தான் வேலையாமே, தெலுங்குன்னு இருக்கிறத தமிழ்னு மாத்திப் போடுங்கம்மா.” மாத்து, மாத்துங்க, மாத்திடுங்க. காலையிலிருந்து இதே சொல். எனக்கும் வெட்கமில்லாமல் உள்ளுக்குள்ளே ஒரு சந்தோஷம் வந்துகொண்டிருந்தது, அதை மறைப்பானேன்? பரதேசம் மாதிரி இருந்த ஊரில் ஒவ்வொருத்தராக வந்து என் பாஷைக்குள் ஏறுகிறார்கள். ரப்பரால் அழிப்பேன், மையில் தமிழ் என்று எழுதுவேன், ஊதிக் காயவைப்பேன்.

அப்போதுதான் ரத்னியின் அம்மா லக்கம்மா வந்தாள். கூலிக்குக் களை எடுக்கிறவள், காலில் சேறு காயவில்லை. அவள் புருஷன் முனியப்பா பெங்களூரில் ஒரு பாக்டரியில் ஷிப்டு வேலை, மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவான். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு அப்போது கன்னடம் வராது. மகள் பெயர் எது என்று கேட்டாள், கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினேன். பென்சிலில் கன்னடம் என்று இருந்தது. அவளும் அதன்மேல் விரலை வைத்தாள். “அது நம்ம மாத்து,” என்றாள். நான் நிமிர்ந்து பார்த்ததும், தலையை ஆட்டி ஆட்டி இன்னொரு தடவை சொன்னாள். “நம்ம மாத்து அம்மா, நம்ம மாத்து.”

எனக்கு என்ன சந்தேகம்? நம்ம என்றால் நம்ம. மாத்து என்றால் மாத்து. அழித்தேன். தமிழ் என்று மையில் எழுதினேன். பென்சில் மையானதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, சேற்றுக் கையோடு என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஐப்பசி கடைசியில் கிருஷ்ணகிரியிலிருந்து உத்தரவு வந்தது. இரண்டாம் வகுப்பில் கன்னடத் தாய்மொழிப் பிள்ளைகள் ஒன்பது பேரே இருப்பதால், கன்னடப் பிரிவு மூடப்படுகிறது. பிள்ளைகள் தமிழ் வகுப்பில் சேர்க்கப்பட வேண்டும். ஆசிரியருக்கு ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல். மேஷ்ட்ரு அதை ரெண்டு தடவை வாசித்தார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ரெண்டாவது தடவை வாசித்து முடிக்கும்போது மப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒம்பதா? பத்து இருந்துதே டீச்சரம்மா.”

“ரத்னியோட அம்மை வந்து மாத்தச் சொல்லிட்டா மேஷ்ட்ரே. தமிழ்னு போடச் சொல்லிட்டா.”

“லக்கம்மாவா? இல்லியே,” என்றார். “அவ புருஷனுக்கு நான்தான் எழுத்து சொல்லிக் குடுத்தது. பெங்களூர்ல இருந்து அவன் கன்னடத்துல காகிதம் போடுவான், அதப் படிச்சுச் சொல்லத்தான் ரத்னிய பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினா. இல்லன்னா அந்தப் பொண்ணு ஆடு மேய்க்கப் போயிருக்கும்.”

ரெண்டு பேரும் லக்கம்மா கூலிக்குப் போகிற கொல்லைக்காட்டுக்குப் போனோம். கேழ்வரகு முற்றி நின்ற சமயம். காட்டிலிருந்து யானை இறங்குகிற காலம். பரண் மேல் கண் விழித்த களைப்போடு லக்கம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். மேஷ்ட்ரு கன்னடத்தில் கேட்டார், தமிழ் என்றா எழுதச் சொன்னாய்? அப்படி எங்கே சொன்னேன் என்று அவள் பதறி எழுந்தாள். “அய்யோ, நானு எல்லி ஹேள்தே? நம்ம மாத்து அந்தல்வா ஹேளித்து!” மேஷ்ட்ரு என் பக்கம் திரும்பினார். “டீச்சரம்மா, கன்னடத்துல மாத்துன்னா பேச்சு. பாஷை. அது எங்க பாஷை, அத அப்பிடியே இருக்கட்டும்னு சொல்லியிருக்கா.”

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலரை வருஷமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறேன். தினமும் நூறு தடவை என் காதில் விழுந்திருக்கும் அந்தச் சொல். அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு நாள் தோன்றவில்லையே. தோன்றியிருந்தால்? தெரியாமல் செய்தேன் என்று மற்றவர்களிடம் சொன்னேன். உங்களிடம் சொல்லுகிறேன், பாதிதான் தெரியாமல். கேட்கப் பிடித்ததைத்தான் காது கேட்டது. அவள் தெலுங்கு என்றோ தமிழ் என்றோ இருந்த கட்டத்தில் விரல் வைத்து, கன்னடமாக மாற்றச் சொன்னது போல எனக்குப் பட்டிருந்தால், ஒன்றுக்கு நாலு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமையே கிருஷ்ணகிரிக்குப் போனோம். ஆபீசில் ஒரு குமாஸ்தா, வெற்றிலை போட்ட வாய், தங்கமான மனுஷன், உட்காரச் சொன்னார். நடந்ததைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு மேஷ்ட்ரு முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“பத்துங்கிறது சென்டர்ல ஒத்துக்கிட்ட விதிம்மா. எங்களால தொட முடியாது.”

“அப்பம் தில்லிக்கு எழுதட்டா?”

“எழுதலாம். படிப்பு மாகாணத்து விஷயம்னு சென்னைக்குத் திருப்பி உட்ருவாங்க.”

“சென்னைக்கு எழுதுனா?”

“கீழ இருந்து வந்த கணக்கு என்னான்னு எங்களக் கேப்பாங்க.”

“நீங்க?”

“நாங்க உங்களக் கேப்போம்,” என்றார் அவர், கொஞ்சம் வருத்தத்தோடு. “தப்பு ஆச்சுன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா மெமோ உங்களுக்குத்தான் வரும். கணக்கு இந்த வருஷம் மாறாது. வர்ற ஆனியில மறுபடி எடுப்பாங்க. அப்ப பத்து வந்துச்சுன்னா வகுப்பு திரும்ப வரும், வாத்தியாரும் வருவாரு. யோசிச்சுக்கங்க.”

எழுதிக் கொடுத்தேன். உடனே எழுதவில்லை, நாலு நாள் கழித்துத்தான் எழுதினேன். அந்த நாலு நாளும் மேஷ்ட்ரு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெமோ வந்தது, ‘கவனக் குறைவு’ என்று. அதோடு சரி. தில்லியா சென்னையா என்று ஒரு வருஷம் களியும் சோறுமாக அடித்துக்கொண்டோமே! விதி தில்லியுடையது, பள்ளிக்கூடம் சென்னையுடையது, ரப்பர் என்னுடையது. எட்டாத இடத்தில் இருக்கிறவர்கள் எங்கள் தலையெழுத்தை எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதினது என் முத்தான கையெழுத்து.

தை பிறந்து மேஷ்ட்ரு கிளம்பினார். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தகரப் பெட்டி, ஒரு ஜமுக்காளச் சுருட்டு, ஒரு மூட்டை கேழ்வரகு மாவு. “ஊத்தங்கரையில களி கிடைக்குமாங்க?” என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? கிடைக்கும் மேஷ்ட்ரே என்றேன். அங்கே அவருக்கு ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம். கணக்குக்குப் பாஷை தேவையில்லை என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். ஐம்பது வயசில் அந்த மனுஷன் ‘கழித்தல்’ என்பதை ‘களித்தல்’ என்று சொல்லி, பிள்ளைகள் சிரிக்க, பலகையைத் துடைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். இங்கே வந்த புதிதில் நான் நின்ற மாதிரியேதான் அவர் அங்கே நிற்பார். ஏறும்போது தன் பையிலிருந்து கன்னட முதல் புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். “பசங்களுக்கு வேண்டியிருக்கும்,” என்றார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

ஒன்பது பேரும் ரத்னியும் என் வகுப்புக்கு வந்தார்கள். மாசக் கடைசியில் லக்கம்மா ஒரு காகிதத்தோடு பள்ளிக்கூட வாசலில் நின்றாள். முனியப்பாவின் கடிதம். ரத்னிக்குத் தனி எழுத்துதான் வரும், கூட்டெழுத்துக்கு முன்னமே வகுப்பு போய்விட்டது. அன்றிலிருந்து பள்ளி விட்ட பிறகு நானும் ரத்னியும் அந்த முதல் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவளுக்குத் தெரிந்த எழுத்தை எனக்குக் காட்டுவாள், ரெண்டு பேருக்கும் தெரியாததைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்போம். பங்குனிக்குள் எனக்கு வாசிக்க வந்துவிட்டது. அர்த்தம்தான் வராது. நான் எழுத்துக் கூட்டி சத்தமாக வாசிப்பேன், அர்த்தம் தெரியாமல். லக்கம்மா கேட்டுக்கொண்டு நிற்பாள், எழுத்துத் தெரியாமல். திடீரென்று அவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள், அல்லது வெட்கப்பட்டுச் சிரிப்பாள். என்ன வாசித்தோம் என்று நான் விழிப்பேன். ‘ஷிப்டு’, ‘ஓவர்டைம்’, இந்த ரெண்டு சொல் மட்டும் எனக்கும் புரியும். ஒரு கடிதத்தை வாசிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. அந்த மூன்று பேரில் ஒருத்தியாக இருந்தது எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் குற்றமாகுமா என்று தெரியவில்லை.

சித்திரை லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். சிலர் என்னைப் பார்த்திருப்பீர்கள். தாமிரபரணியில் முங்கியது ஒன்றுதான் உருப்படியாகச் செய்தது, மற்ற நேரம் தூக்கம். யாரோ எதையோ கேட்க, என்னை அறியாமல் “ஹௌது” என்றேன், ஆமாம் என்பதற்கு. அக்கா பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஓசூரில் நான் தமிழ் டீச்சர், ஊரில் பெங்களூர்ச் சித்தி. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு இடம் காலியாகிறது, சொல்லி வைத்திருக்கிறேன் என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, மனு எழுதுனியா இல்லியா?”

“கருப்பட்டி இந்த வருசம் நல்லா இருக்கேக்கா.”

“பேச்ச மாத்தாதட்டி,” என்றாள் அக்கா.

இதைப் பிறந்ததிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்டதும் வாயிலிருந்த கருப்பட்டி புரையேறிவிட்டது. பேச்ச மாத்தாத. பேச்சுதான் கன்னடத்தில் மாத்து, தமிழ் மாத்துதான் நான் செய்தது. லக்கம்மாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இதைத்தான் என்னிடம் சொல்லியிருப்பாள், இதே நாலு எழுத்துக் கோபத்தோடு. அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். என்னட்டி ஆச்சு என்று கேட்டவளுக்கு நான் எதைச் சொல்ல? ஆனியில் ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது, அது முடியட்டும், அப்புறம் மனு எழுதுகிறேன் என்றேன். கணக்கெடுப்புக்கும் எனக்கும் என்ன என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்தக் கணக்கெடுப்பு இன்றைக்குத்தான். காலையில் குடத்தில் நனைந்த சேலையை மாற்றிக்கொண்டு போய், அதே மேசையில், அதே படிவத்தை விரித்தேன். இப்போது கேட்கத் தெரியும். ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, “மனேலி யாவ மாத்து ஆட்தீரா?” என்று கேட்டேன், வீட்டில் என்ன பேச்சுப் பேசுகிறீர்கள் என்று. ஒன்பது பேர் கன்னடம் என்றார்கள். தாயும் தகப்பனும் வந்து அதையே சொன்னார்கள். ஒவ்வொருத்தரிடமும் ரெண்டு தடவை கேட்டு மையில் எழுதினேன். மத்தியானத்துக்குள் ஒன்பது ஆயிற்று. ஒன்று வேண்டும். ஊத்தங்கரையிலிருந்து மேஷ்ட்ரு போட்ட கார்டு என் பைக்குள் இருந்தது. கோணல் மாணலான தமிழில், ‘இங்கே களி கிடைக்கிறது. பத்து இருக்கா?’ என்று ரெண்டே வரி.

மத்தியானத்துக்கு மேல் லக்கம்மா வந்தாள், விதைப்பிலிருந்து நேராக, முழங்கை வரை மண். ரத்னியைக் கூப்பிட்டேன். கேள்வியைக் கேட்டேன். அவள் நிமிர்ந்து நின்று, மனப்பாடப் பாட்டு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, தெளிவான தமிழில் சொன்னாள்.

“தமிழ், டீச்சர்.”

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். நல்ல பிள்ளை. நான் எதைச் சொன்னால் சந்தோஷப்படுவேன் என்று ஆறு மாசத்தில் தெரிந்துகொண்டிருக்கிறாள். நான் லக்கம்மாவைப் பார்த்தேன். அவளுக்குக் கேள்வியும் புரிந்தது, பதிலும் புரிந்தது. ஒரு தடவை வந்து சொன்னாள், அது தப்பாகப் போயிற்று. ஒரு வருஷம் ஓடிப்போயிற்று. மகளே இப்படிச் சொல்லும்போது இனி யாரிடம் வழக்காடுவது என்கிற அலுப்பு அவள் முகத்தில் இருந்தது. கையை ஆட்டினாள்.

“ஹோக்லி, பிடி அம்மா.”

போகட்டும், விடுங்கள் என்கிறாள். ஐந்து வருஷமாகத் தெரிந்த சொல். காலையில்கூட அதற்காக நனைந்திருக்கிறேன். இந்த ஒரு தடவை என் காது திருநெல்வேலிக் காதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். பிடி என்றுதானே சொன்னாள்? பேனாவைத் தொட்டு, ரத்னியின் பெயருக்கு எதிரே மையில் எழுதினேன், கன்னடம்.

லக்கம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ரத்னிக்குத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றபடியே தலைகீழாக எழுத்துக் கூட்டினாள். க, ன், ன. அதற்கு மேல் கூட்டவில்லை. அப்படியென்றால் அவள் என் வகுப்பு இல்லை. மேஷ்ட்ரு வந்துவிடுவார், அவள் அந்தப் பக்கம் போய்விட வேண்டும். எல்லாம் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ரப்பரை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

“மாத்துங்க, டீச்சர்.”

இந்த முறை அது தமிழ். சந்தேகமே இல்லாத தமிழ், என் பிள்ளை என்னிடம் பேசின தமிழ். அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன், அவள் அழுகையில் என் தோள் நனைந்தது, காலையில் நனைந்த அதே பக்கம். மையில் எழுதினதை ரப்பர் அழிக்காது தாயே என்று அவள் காதோடு சொன்னேன். எந்தப் பாஷையில் சொன்னேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.